ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவைப் பத்தியத்தில் போடாதீர்கள்

கேள்வி: நாங்கள் மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 57 வயது, சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்), வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. தம்பி கல்லீரலில் ஒரு பகுதி கொடுக்கப் போகிறான், ஒன்றரை மாதத்தில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அம்மா ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார், நான் வேலைக்குப் போகிறேன். ஊரிலிருந்து பெரியம்மா சொன்னபடி உப்பில்லாக் கஞ்சியும் கீழாநெல்லியும் கொடுத்து வருகிறோம். வீட்டில் இன்னும் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் கஞ்சிப் பத்தியத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். பெரியம்மா அன்பில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இந்த ஒன்றரை மாதத்தில் உங்கள் வீட்டில் நடக்க வேண்டிய பெரிய வேலையே அப்பாவின் உடம்பைத் தேற்றுவதுதான். சுருங்கிய கல்லீரலால் சக்தியைச் சேமித்து வைக்க முடியாது, அதனால் சாப்பாட்டுக்கு நடுவில் இடைவெளி நீண்டால் உடம்பு தசையைக் கரைத்துத் தின்ன ஆரம்பித்துவிடும். தொடையும் தோளும் வற்றிப்போய் ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் கிருமித் தொற்றிலும் மாட்டிக்கொள்கிறார்கள், எழுந்து நடக்கவும் நாளாகிறது.

உடம்பு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். கோத்திருக்கும் நீரைக் கழித்து அப்பா 55 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 65 முதல் 80 கிராம். கஞ்சியில் அது கிடைக்காது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் 18 கிராம் போல இருக்கிறது. பருப்பு, தயிர், சுண்டல், நன்றாக வெந்த மீன் எல்லாம் கொடுக்கலாம். அவருக்குச் சரியான அளவை ஆஸ்பத்திரி டயட்டீஷியனிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வேளையாக இல்லாமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், இரவு படுக்கப் போகும் முன் இரண்டு இட்லியோ பாலும் ரொட்டியோ கட்டாயம் உள்ளே போகட்டும். நமக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் என்ன ஆகுமோ, அது அவருக்கு ஒரே ராத்திரியில் ஆகிவிடும்.

உப்பைக் குறைப்பது மட்டும் சரி. ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் வரைக்கும்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். ஆனால் சாப்பாடே இறங்காத அளவுக்குச் சப்பென்று ஆக்கிவிடாதீர்கள், எலுமிச்சை, சீரகம், கொத்தமல்லி போட்டு ருசியாகச் செய்யுங்கள். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்க வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. நீர் பிரிய ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து. கீழாநெல்லியால் சுருங்கிய கல்லீரல் திரும்பாது. எந்த மூலிகையும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம், கொரோனா நேரத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இதே மும்பை டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். உடம்பு வலி என்றால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது, தூக்க மாத்திரையும் கூடாது.

அடுத்து, அம்மாவுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தினமும் காலையில் எடை, எத்தனை தடவை வெளிக்குப் போனார், அப்புறம் அப்பாவின் கையெழுத்து. கையெழுத்து எதற்கு என்றால், கல்லீரல் வடிகட்டாத கழிவு மூளைக்கு ஏறும்போது அது முதலில் தெரிகிற இடங்களில் ஒன்று அதுதான்: நேற்று வரை நேராக இருந்த பெயர் இன்றைக்குக் கோணலாகும், எழுத்து விட்டுப்போகும். பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, கேட்டதையே கேட்பது, கையை நீட்டச் சொன்னால் படபடவென்று ஆடுவது எல்லாம் அதோடு சேர்ந்தவை. வயசாகிவிட்டது, கோபம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து வீட்டில் விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். டாக்டர் எழுதியிருந்தால், வயிற்றை இளக்கி அந்தக் கழிவை வெளியேற்றும் லாக்டுலோஸ் சிரப்பை, தினமும் இரண்டு மூன்று தடவை இளகிப் போகும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உடம்பில் நீர் வற்றிவிடும், போகாமல் இருந்தால் குழப்பம் ஏறும். எழுப்பியும் தெளியவில்லை, கறுப்பாக வெளிக்குப் போகிறது, ரத்த வாந்தி, காய்ச்சல், வயிற்று வலி, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நடக்க வையுங்கள். கட்டிட வராந்தாவிலேயே பத்து நிமிடம், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அவ்வளவு போதும். எடை தூக்க வேண்டாம். பல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், தடுப்பூசி எது பாக்கி என்றும் கேளுங்கள், சில ஊசிகளை ஆபரேஷனுக்குப் பிறகு போட முடியாது.

தம்பியைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது பெரும்பாலும் வலது பக்கத்தை, ஏறக்குறைய 60 சதவீதத்தை எடுப்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது பெரும்பாலும் வளர்ந்துவிடும் என்றாலும் அவனுக்கும் அது பெரிய ஆபரேஷன்தான். ஒரு வாரம் போல ஆஸ்பத்திரியில் இருப்பான், அப்புறம் இரண்டு மூன்று மாதம் கனமானது எதையும் தூக்கக் கூடாது. அதாவது ஒரே நேரத்தில் உங்களுக்கு இரண்டு நோயாளிகள், அம்மா ஒருவரால் அது முடியவே முடியாது. அவனுக்கென்று தனியாக ஒரு ஆளை, சித்தப்பாவோ மாமாவோ, இப்போதே பேசி வையுங்கள். கடைசி நிமிடம் வரை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு, அப்படிச் சொன்னால் உடல் ஒத்துவரவில்லை என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லி ஆஸ்பத்திரிகள் அவனைக் காப்பாற்றும். அவனைத் தனியாக உட்காரவைத்து ஒரு தடவை கேளுங்கள்.

உறுப்பு தானத்துக்கான பேப்பர் வேலையில் நம் ஆட்கள் மாட்டுவது பெயரில். ஆதாரில் முருகன் எஸ், பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன், பான் கார்டில் முருகன் சுடலைமுத்து என்று இருந்தால், அப்பா மகன் உறவை நிரூபிக்கும்போது கேள்வி வரும். பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் இந்த வாரமே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் என்ன அஃபிடவிட் வேண்டும் என்று டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர், அதாவது ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று வேலைகளை ஒருங்கிணைப்பவர், சொல்வார்.

ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிடும் மாத்திரைகளால் அப்பாவின் நோய் எதிர்ப்பு குறையும், அதனால் வீட்டில் அவருக்கு ஒரு மூலையாவது தனியாக வேண்டும். மும்பையில் பெரிய தொல்லை ஜன்னல் புறா, அதன் எச்சத்திலிருந்து வரும் பூஞ்சை நோய் எதிர்ப்பு குறைந்தவர்களின் நுரையீரலைத் தாக்கும். அவர் வீடு திரும்பும் முன்பே சுத்தம் செய்து வலை அடித்துவிடுங்கள், மழையில் ஊறிப் பூஞ்சை பூத்த சுவரையும் சரிசெய்யுங்கள், மண் நிரப்பிய செடித் தொட்டிகளை வெளியே வையுங்கள். தண்ணீர் காய்ச்சித்தான். பொதுக் கழிப்பறை என்றால் கோஆர்டினேட்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் அறை எடுப்பது நல்லதாக இருக்கலாம்.

புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பற்றி அம்மாவும் நீங்களும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில், ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியது. ரத்தப் பரிசோதனை அன்று மட்டும் ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை, முன்னால் போட்டுவிட்டுப் போனால் அளவு தப்பாகக் காட்டும். பம்ப்ளிமாஸ் பழம் கூடாது. ஊரிலிருந்து பார்க்க வருகிறேன் என்பவர்களிடம் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று நீங்களே போனில் சொல்லிவிடுங்கள், அம்மாவைச் சொல்ல விடாதீர்கள், அவரால் யாரையும் மறுக்க முடியாது.