இரண்டு மடங்கு என்றால் எத்தனை பேர்?

வணக்கம்.

நான் தினமும் சாப்பிடும் மாத்திரை ஒன்று மாரடைப்பு அபாயத்தை இரண்டு மடங்காக்குகிறது என்று போன வாரம் செய்தியில் படித்தேன். அன்றைக்கே நிறுத்திவிட்டேன். டாக்டரான என் தங்கை திட்டுகிறாள். இந்த மாதிரிச் செய்திகளை நம்புவதா, வேண்டாமா? பத்திரிகைக்காரர்களுக்கு விஞ்ஞானம் புரியாததுதான் பிரச்சினையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில், தங்கை சொல்வதைக் கேளுங்கள். மாத்திரை விஷயத்தை, அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், என்னிடம் அல்ல.

சரி, 'இரண்டு மடங்கு' என்றால் எத்தனையிலிருந்து எத்தனை? 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறை எனப்படும் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் அபாயம் இரு மடங்காகிறது என்று எச்சரித்தது. செய்தி தீயாய்ப் பரவியது. கணக்கைப் பார்த்தால், 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது இருவருக்கு வரும், அவ்வளவுதான். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடுகிறார்கள். கொடுமை என்னவென்றால், கர்ப்பகாலத்தில் ரத்தம் உறையும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

இத்தனைக்கும் 'இரண்டு மடங்கு' என்பதில் பொய் ஒன்றும் இல்லை. '100 சதவீதம் கூடியது' என்று எழுதியிருந்தாலும் கணக்கு சரிதான்.

பழியை முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, 20 பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வுகளைப் பற்றிப் பத்திரிகைகளுக்காக 2011-இல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, மூல ஆய்வுகளோடும் வெளிவந்த செய்திகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. அதன் முடிவு 2014-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 'இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது' என்று ஆய்வு அடக்கமாகச் சொன்னதை, 'இதனால்தான் அது வருகிறது' என்று குறிப்பு மாற்றியது மூன்றில் ஒரு பங்கு. எலியிடம் பார்த்ததை மனிதருக்கும் நீட்டியதும் ஏறக்குறைய அதே அளவு. குறிப்பு அடக்கமாக இருந்த இடங்களில் செய்தியும் பெரும்பாலும் அடக்கமாகவே இருந்திருக்கிறது. (இதுவும் தொடர்பைக் காட்டும் ஆய்வுதான். நானே அந்தத் தப்பைச் செய்துவிடக் கூடாது.) குறிப்பை எழுதுவது பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவு. ஆய்வாளருக்குத் தெரியாமல் அது பொதுவாக வெளியே போவதில்லை.

நீங்கள் படித்த செய்தியில் 'எத்தனை பேரில் எத்தனை பேருக்கு' என்று இருந்ததா, பாருங்கள். இல்லையென்றால் மூல ஆய்வின் அட்டவணைகளில் தேட வேண்டும். தங்கையிடமே கேளுங்கள், திட்டிக்கொண்டே எடுத்துத் தருவார்.