ஏடிஎம் ஸ்விட்ச்சிங்கை ஐபி ரவுட்டிங் ஒழித்துவிட்டது என்கிறார்கள். பிறகு அதை ஏன் இன்னும் படிக்கச் சொல்கிறார்கள்?

நீங்கள் கல்லூரியில் படிப்பவர், தேர்வுக்கு முந்தைய எரிச்சலில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏடிஎம் என்றால் பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை, தொலைத்தொடர்பு நெட்வொர்க்கில் தகவலைக் கடத்தும் ஒரு முறை (Asynchronous Transfer Mode). நான் அந்த ஸ்விட்ச்களோடு ஆறு வருடம் இரவுப் பணி பார்த்தவன். ‘ஒழித்துவிட்டது’ என்ற சொல் சுருக்கென்று குத்தியது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஏடிஎம்மில் எதுவானாலும் 53 பைட் செல்களாகத்தான் போகும்: 48 பைட் தகவல், எங்கே போக வேண்டும் என்று சொல்லும் 5 பைட் ஹெடர். குரல் தாமதமாகக் கூடாது என்று ஐரோப்பியர்கள் 32 கேட்டார்கள், டேட்டாவை மனதில் வைத்து அமெரிக்கர்கள் 64 கேட்டார்கள், பேரம் 48-இல் படிந்தது. 90-களின் நடுவில் ரவுட்டர்களுக்கு ஏடிஎம் ஸ்விட்ச்சின் வேகம் வரவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பெரிய முகவரிப் பட்டியலைத் துழாவ வேண்டியிருந்தது. அதனால் நடுவில் ஸ்விட்ச், ஓரங்களில் ரவுட்டர் என்று கட்டினார்கள்.

நான் இருந்த நிறுவனத்திலும் அப்படித்தான். 24 ரவுட்டர்கள், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பிவிசி (ஸ்விட்ச்கள் வழியே நிரந்தரமாக அமைத்துவைக்கும் மெய்நிகர் இணைப்பு), ஆக மொத்தம் 276. 2002 மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு 2 மணிக்கு, சாலை வேலைக்கு வந்த ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. அறுந்தது ஒரே தடம்தான், ஆனால் அதன் மேல் அறுபதுக்கும் அதிகமான பிவிசிகள். திரையில் ‘நெய்பர் டவுன்’, அதாவது எதிர்முனை ரவுட்டரோடு தொடர்பு போய்விட்டது என்ற வரிகள் நிற்காமல் ஓடின. ஒவ்வொரு ரவுட்டரும் தான் இழந்ததை எல்லாருக்கும் அறிவிக்க, கேட்டவை திரும்ப எல்லாருக்கும் சொல்ல, சிபியு 100-ஐத் தொட்டு, ‘இருக்கிறேன்’ என்று சொல்லும் ஹலோ பாக்கெட் அனுப்பக்கூட நேரமில்லாமல் நல்ல இணைப்புகளும் விழுந்தன. ஸ்விட்ச் ரேக்கில் போய்ப் பார்த்தால் ஒரு போர்ட்டில் மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. ரவுட்டருக்குக் கீழே ஓடும் ஃபைபர் தெரியாது, ஸ்விட்ச்சுக்கு மேலே இருக்கும் ரவுட்டர் தெரியாது. கோளாறு அதுதான்.

அதைத்தான் எம்பிஎல்எஸ், அதாவது பாக்கெட்டில் லேபிள் ஒட்டிக் கடத்தும் முறை, சரி செய்தது. 2001-இல் அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 3031 வந்தது. வழியை முடிவு செய்வது ரவுட்டிங். கடத்துவது 20 பிட் லேபிள். வந்த லேபிளைப் பார்த்து, புது லேபிளை மாட்டி, உரிய போர்ட்டில் தள்ளுவது ஏடிஎம் ஸ்விட்ச் செல் ஹெடரில் உள்ள விபிஐ, விசிஐ எண்களை வைத்துச் செய்த அதே வேலை. லேபிள் இருந்தால்தான் வேகம் என்ற வாதம் 1998-இல் ஜூனிப்பர் நிறுவனத்தின் எம்40 ரவுட்டர் முகவரித் தேடலைச் சிப்பிலேயே செய்தபோது அடங்கிவிட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் டிராஃபிக்கையும் தனியாகப் பிரித்துவைக்கும் விபிஎன்னுக்கும், டிராஃபிக்கை வேண்டிய பாதையில் திருப்புவதற்கும்தான் லேபிள் நிலைத்தது.

போக வேண்டிய பாதையைப் பாக்கெட்டிலேயே எழுதி அனுப்பும் செக்மென்ட் ரவுட்டிங் வந்தபின் இந்தப் பழங்கதை எதற்கு என்பார்கள். எம்பிஎல்எஸ் மேல் ஓடும் செக்மென்ட் ரவுட்டிங்கிலும் லேபிள்தான். ஏடிஎம் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 53-இல் 5 பைட் ஹெடருக்கே போவது வீண்தான். ஆனால் அதன் யோசனை லேபிளாக இன்னும் ஓடுகிறது, அதனால்தான் படிக்கச் சொல்கிறார்கள்.

அப்புறம், கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அன்று கொட்டும் மழையில், தார்ப்பாய்க்கு அடியில் குழிக்குள் உட்கார்ந்து ஃபைபரை ஒட்டியது ஒப்பந்தக்காரரின் இரண்டு பையன்கள். காலை 6:40-க்கு லிங்க் வந்தது. மறுநாள் பாராட்டு மெயிலில் எங்கள் எல்லார் பெயரும் இருந்தது, அவர்கள் பெயர் மட்டும் இல்லை. அந்த இரவுக் கூலிக்கு மூன்று மாதம் அலைந்தார்கள். நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். ‘அவர்கள் நம் ஆட்கள் இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்தது.