முதலில் காதைப் பாருங்கள்: பினாங்குப் பெற்றோருக்குப் பதில்கள்

பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை பதில் எழுதுகிறேன். பட்டர்வொர்த்தில் 19 ஆண்டுகளாகப் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். நான் டாக்டர் அல்ல. கண், சட்டம், பதின்ம வயது மூன்றும் என் துறை அல்ல. சின்னப் பிள்ளைகளின் பேச்சையும் கைப்பேசியையும் பற்றிக் கேளுங்கள்.

பிறை, தாய்: வணக்கம் டாக்டர். மகனுக்கு இரண்டரை வயது. ஏ முதல் இசட் வரை தடுமாறாமல் சொல்வான், எண்கோணத்தைக்கூடச் சரியாகக் காட்டுவான். தாகம் எடுத்தால் மட்டும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்ப் புட்டியின் மேல் வைக்கிறான். ‘அம்மா’ என்று கூப்பிட்டதே இல்லை. ஒரு வயதிலிருந்து கைப்பேசி பார்க்கிறான். அதுதான் காரணமா?

அக்கா என்றே கூப்பிடுங்கள். முதலில் காதைப் பாருங்கள். பிறந்தபோதே பரிசோதித்துவிட்டார்கள், தேறிவிட்டான் என்று எல்லாரும் சொல்வார்கள். அது அன்றைய காது. சளி பிடித்துப் பிடித்து நடுச்செவியில் நீர் கட்டிக்கொண்டால், குளத்துக்குள் தலையை அமுக்கிக்கொண்டு கேட்பதுபோலத்தான் நம் பேச்சு பிள்ளைக்குக் கேட்கும். கைப்பேசியின் சத்தத்தை அவனே கூட்டிக்கொள்வான். உங்கள் சத்தத்தைக் கூட்ட அவனிடம் பொத்தான் இல்லை.

அடுத்து, அந்த ஏ முதல் இசட். அது ஒப்பித்தல். எதிரில் இருப்பவரை அசைப்பதற்காகச் சொல்வதுதான் பேச்சு. ‘தா’ என்ற ஒற்றை எழுத்து அந்த 26 எழுத்தையும்விடப் பெரிது. இரண்டு வயது முடியும்போது ஏறக்குறைய 50 சொற்களையும், ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொற்களைச் சேர்ப்பதையும் எதிர்பார்க்கிறோம். இரண்டரை வயதில் அது இல்லை, கூப்பிடவும் இல்லை, கையை இழுத்துப்போய் வைக்கிறான் என்றால் காத்திருக்கக்கூடாது. ‘கைப்பேசியை நிறுத்தி மூன்று மாதம் பார்க்கிறோம்’ என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு வருடம் கழித்து வந்தவர்களை எனக்குத் தெரியும். இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிற்குப் போய்க் காதுப் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள்.

கைப்பேசிதான் காரணம் என்று என்னால் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. நான் பார்க்கும் கணக்கு வேறு. ஒரு நாளில் நான்கு மணிநேரம் அவன் அதைப் பார்த்தால், அந்த நான்கு மணிநேரமும் அவனிடம் யாரும் பேசவில்லை, யாரையும் கூப்பிட வேண்டிய தேவை அவனுக்கும் வரவில்லை.

ஆயர் ஈத்தாம், தந்தை: ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் கொடுக்கலாம்?

2019 ஏப்ரலில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, முதல் இரண்டு ஆண்டுகள் திரை வேண்டாம். இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு மணிநேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அந்த வழிகாட்டியின் தலைப்பே உடலசைவு, உட்கார்ந்திருத்தல், தூக்கம் பற்றியது. பிள்ளை ஓடாமல் ஒரே இடத்தில் கிடக்கிறதே என்ற கவலையில் பிறந்த எண் அது. காய்ச்சல் மருந்துபோல அளந்து ஊற்றியே ஆக வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜோர்ஜ்டவுன், தாய்: கண் கெட்டுவிடுமா?

கண் மருத்துவரிடம் கேளுங்கள். வெயில் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக வருகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். மாலையில் தண்ணீர்மலைப் பக்கம் கூட்டிப்போங்கள்.

பாயா தெருபோங், தாய்: என் பெற்றோர் தைப்பிங்கில் இருக்கிறார்கள். ஒன்றரை வயது மகள் அவர்களை வீடியோ அழைப்பில்தான் பார்க்கிறாள். அதையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கம் பதில் சொல்லும் முகம் இருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். நேரில் கற்றதற்கு அது குறையவில்லை. முன்பே பதிவு செய்த காணொளியைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2016-இல், 18 மாதத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம் என்றபோது வீடியோ அழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. தாத்தா கண்ணாமூச்சி காட்டட்டும், பாட்டி பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். நீங்கள் மட்டும் கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள்.

ஜெலுத்தோங், தந்தை: மகளுக்கு மூன்று வயது, பேச்சுத் தாமதம். ஒரு தனியார் மையத்தில், ‘வீட்டில் மூன்று மொழி பேசினால் குழந்தை குழம்பும், தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்றார்கள். ஆறு மாதமாக நானும் மனைவியும் அப்படியே செய்கிறோம், ஆங்கிலக் காணொளிகளும் போட்டுவிடுகிறோம். என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அவர் பேத்தியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன் தம்பி.

இரண்டு மொழி, மூன்று மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தாமதம் உள்ள பிள்ளையாலும் இரண்டு மொழி கற்க முடியும். ஆங்கிலத்தில் ஐந்து சொல்லும் தமிழில் பத்துச் சொல்லும் இருந்தால் அதைப் பதினைந்து என்று எண்ண வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணினால் தாமதம் இருப்பதைவிடப் பெரிதாகத்தான் தெரியும்.

இந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். வீட்டில் அதிக நேரம் இருந்த, அதிகம் பேசிய ஓர் ஆளின் வாயைக் கட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு திரையை வைத்தோம். நீங்களும் உங்களுக்குச் சரளமாக வராத மொழியில், ‘கம்’, ‘ஈட்’, ‘ஸ்லீப்’ என்று கட்டளை மட்டும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். கதையும் கேலியும் கொஞ்சலும் அந்த மொழியில் உங்களுக்கு வருகிறதா?

2003-இல் அமெரிக்காவில் பட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தைகள். ஒரு குழுவோடு சீனமொழி பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து புத்தகம் காட்டி விளையாடினார்கள், மொத்தம் 12 முறை. இன்னொரு குழு அதே ஆட்களைக் காணொளியில் பார்த்தது, மற்றொன்று ஒலியை மட்டும் கேட்டது. நேரில் விளையாடிய குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு குழுவும் கற்றது ஒன்றுமில்லை. நம் லகர, ளகர, ழகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி மடியில் ஏறும் ஒலி திரையிலிருந்து ஏறுவதில்லை.

இன்றிரவே அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். மகளின் காதைப் பரிசோதித்தார்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை.

புக்கிட் மெர்தாஜாம், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்: அக்கா, இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகளில் சிலருக்குத் தமிழ் என்றாலே காணொளித் தமிழ்தான். வீட்டில் தமிழ் கிடையாது. அந்தத் திரையையும் அணைக்கச் சொன்னால் அவர்களுக்கு என்ன மிஞ்சும்?

நியாயமான கேள்வி டீச்சர். கூல் சோதித்தது ஒன்பது மாதக் குழந்தைகளை. மூன்று வயதுக்குமேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி, ‘அந்தக் குரங்கு ஏன் அழுகிறது?’ என்று கேட்டுப் பார்த்தால் காணொளியிலும் சொற்கள் ஏறும். அந்தப் பெரியவர் இல்லாமல் ஏறுவது மிகக் குறைவு. தமிழே இல்லாத வீட்டில் அந்தக் குறைவும் லாபம்தான் என்பீர்கள். அதை ஏற்கிறேன்.

ஜோர்ஜ்டவுன், தந்தை: தமிழ் பேசிப் பிழைப்புக்கு என்ன கிடைக்கப்போகிறது? ஆங்கிலத்தை முதலில் பேசட்டும்.

பிழைப்பைப் பற்றி நான்கு வயதுப் பிள்ளையிடம் யாரும் விசாரிப்பதில்லை ஐயா.

நிபோங் திபால், பாட்டி: என் பேரன் என்னை ஏதோ கார்ட்டூன் பன்றி பேசுவதுபோல் ‘கிரேன்மா’ என்கிறான். தமிழ்க் காணொளி போட்டுப் பார்த்தோம். இப்போது சென்னை வானொலி அறிவிப்பாளர்போல் பேசுகிறான். ‘பசியாற வா’ என்றால் விழிக்கிறான்.

பாட்டி, இன்றைக்கு வந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டீச்சர், பார்த்தீர்களா? ‘சாப்பிட்டாயா’ என்பதற்கு ‘பசியாறிவிட்டாயா’ என்பது நம் ஊர் வழக்கு. சென்னையில் எடுத்த காணொளிகளில் அது அரிதாகத்தான் வரும். அதைச் சோறு போடும் கைதான் சொல்லித்தர வேண்டும்.

புக்கிட் மெர்தாஜாம், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்: நான் கேட்டது சோறு போடும் கைக்கே தமிழ் மறந்துபோன வீடுகளைப் பற்றி, அக்கா.

அடி பலமாகத்தான் விழுந்தது. என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தப் பெற்றோருக்குத் தெரிந்த எந்த மொழியிலாவது பிள்ளையிடம் நிறையப் பேசட்டும், அது போதும் பேச்சுக்கு. தமிழுக்கு அது போதாது. தமிழ் பேசும் பாலர் பள்ளியும் கோயிலும் அத்தை வீடும்தான் மிச்சம். இந்த விவாதத்தில் நாற்பது நிமிடம் போய்விட்டது. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சுங்கை பாக்காப், தாய்: மூன்று வயதுக்கு எத்தனை நிமிடம்?

மேலே ஆயர் ஈத்தாம் தந்தைக்கு எழுதியிருக்கிறேன்.

பாயான் லெப்பாஸ், தந்தை: நானும் மனைவியும் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட். ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புகிறார். ஒன்றே முக்கால் வயது மகனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் இன்னும் மூன்று பிள்ளைகள். அவர் நாள் முழுக்கக் கைப்பேசி கொடுத்துவிடுகிறார். இரவு ஷிப்ட் முடிந்து நான் தூங்க வேண்டும், அப்போது நானும் கொடுக்கிறேன். எல்லாரும் எங்களைத் திட்டுகிறார்கள்.

நான் திட்டமாட்டேன். பன்னிரண்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்தவரிடம், ‘பிள்ளையோடு களிமண் பிசையுங்கள்’ என்று சொல்பவர் அந்த வேலையைப் பார்த்ததில்லை.

நாள் முழுவதையும் மாற்ற முயலாதீர்கள். எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலைகள் மூன்று: குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்கவைப்பது. அந்த மூன்றிலும் கைப்பேசி இருக்கக்கூடாது, உங்களுடையதும் சேர்த்து. தண்ணீர் ஊற்றும்போது ‘தலைக்கு’, ‘காலுக்கு’, ‘முதுகுக்கு’ என்று சொல்லிக்கொண்டே ஊற்றுங்கள். பத்தாம் நாள் ‘தலைக்கு’ என்றதும் தலையைக் குனிவான். அதற்குப் பெயர்தான் மொழி.

சாப்பாட்டில் நான் மிகவும் கண்டிப்பு. திரையைப் பார்த்துக்கொண்டு விழுங்கும் பிள்ளை தனக்குப் பசித்ததா, வயிறு நிறைந்ததா என்றுகூடக் கவனிப்பதில்லை. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய காலத்திலும் பிள்ளையை ஏமாற்றித்தான் ஊட்டினார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிலாவைக் காட்டியவர் வாயை மூடிக்கொண்டு காட்டவில்லை.

பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் சண்டை வேண்டாம். ‘மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வேண்டாம் அக்கா’ என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். ஒன்று நடந்தால் அடுத்ததைக் கேட்கலாம். இரவு ஷிப்ட் முடிந்து நீங்கள் தூங்கும் நேரத்தில் ஒரு வாரத்துக்கு இரண்டு நாளாவது யாராவது உறவினர் வந்து உட்கார முடியுமா என்று பாருங்கள். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளையை விழித்திருக்கவிட்டு நீங்கள் தூங்குவது பேச்சைவிடப் பெரிய ஆபத்து.

குலிம், தாய்: கைப்பேசி கொடுத்ததால் ஆட்டிசம் வந்துவிட்டது என்று மாமியார் சொல்கிறார்.

வராது. மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரலால் சுட்டிக்காட்டாதது, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழப்பது ஆகியவற்றை ‘எல்லாம் கைப்பேசியால்தான்’ என்று தள்ளிவிடவும் கூடாது. 18 மாதத்தில் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். தாதிக்குச் சங்கடம் வேண்டாம் என்று நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் நல்ல பதிலையே போட்டுவிட்டு வருகிறார்கள். அது மதிப்பெண் வாங்கும் தேர்வு அல்ல. காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தஞ்சோங் தொக்கோங், தாய்: நான் பிள்ளைக்குக் கொடுப்பதே இல்லை. வேலைக்காக நான்தான் எந்நேரமும் பார்க்கிறேன். அதனால் ஒன்றுமில்லையே?

1970களில் எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் தாய்மாரைக் குழந்தையோடு கொஞ்சவிட்டு, பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் பார்க்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. கைப்பேசியைப் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று யாரிடமாவது படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘அம்மாவுக்கு ஒரு நிமிட வேலை’ என்று வாயால் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

பட்டர்வொர்த், தந்தை: டாக்டர், பேச்சு வர எந்தச் செயலி நல்லது?

எதுவும் வேண்டாம். டாக்டரும் அல்ல.

பிறை, தந்தை: 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகத் தடை வருகிறதாமே, அதோடு இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-இல் நடப்புக்கு வந்தது சமூக ஊடகக் கணக்குகளுக்கான தடை. என்னிடம் வருகிறவர்களுக்குக் கணக்கு கிடையாது, அப்பாவின் கைப்பேசிதான் இருக்கிறது.

ஜோர்ஜ்டவுன், தாய்: பிடுங்கினால் தரையில் விழுந்து புரள்கிறான். மாமாக் சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் பார்க்கிறார்கள்.

பிடுங்காதீர்கள். தானாக அடுத்த காணொளிக்குத் தாவும் அமைப்பை அணைத்துவிட்டு, ‘இது முடிந்ததும் அம்மாவிடம்’ என்று முன்கூட்டியே சொல்லி, முடிந்ததும் வாங்குங்கள். முதல் சில நாட்கள் புரளத்தான் செய்வான். புரளும்போது திருப்பிக் கொடுத்தால், புரண்டால் கிடைக்கும் என்று நீங்களே பாடம் நடத்துகிறீர்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அவர்கள் மேசையிலும் ஒரு கைப்பேசி ஓடிக்கொண்டிருக்கும்.

சுங்கை ஆரா, தாய்: நான்கு வயதுக்கு எத்தனை நிமிடம் அக்கா?

ஆயர் ஈத்தாம். மேலே.

ஜெலுத்தோங், தந்தை: அக்கா, மீண்டும் நான்தான். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘இத்தனை நாள் கழித்து அவளிடம் என்ன பேசுவது?’ என்று கேட்கிறார்.

கீரை ஆயும்போது பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். ‘இது என்ன, அது என்ன’ என்று தேர்வு வைக்க வேண்டாம். ‘இந்தத் தண்டு முற்றிப்போச்சு, இது பிஞ்சு, இதைக் கிள்ளு’ என்று அவர்பாட்டுக்குப் பேசட்டும். ஒரு கீரையைக் கையில் கொடுத்துவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணும்வரை சும்மா இருக்கட்டும். பிள்ளை ஏதாவது சத்தம் எழுப்பினால் அதையே சொல்லாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லட்டும். பெரும்பாலான பாட்டிகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

காதுப் பரிசோதனைக்குத் தேதி எடுத்தீர்களா தம்பி?