குரல் நன்றாக இருந்தால் போதுமா?

கேள்வி: கல்லூரி விழாக்களைத் தொகுத்து வழங்கிப் பழகியவள் நான். குரல் நன்றாக இருப்பதாக எல்லோரும் சொல்வதால் டப்பிங் கலைஞராக விரும்புகிறேன். சென்னையில் ஒரு பயிற்சி நிலையம் பத்து நாள் வகுப்புக்கு 40,000 ரூபாய் கேட்கிறது. முடித்ததும் பட வாய்ப்பு வாங்கித் தருவதாகவும் சொல்கிறது. சேரலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடத்தில் சேர வேண்டாம். யாரைப் பேச வைப்பது என்பதை முடிவு செய்கிறவர்கள் இயக்குநரும் அந்தப் படத்தின் டப்பிங் பொறுப்பாளரும்தான். அவர்கள் உங்கள் குரலைக் கேட்பார்களே தவிர, சான்றிதழைக் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் முதலில் மறக்க வேண்டியது மேடைக் குரலை. கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏற்றி இறக்கிச் சொல்லும் பழக்கம், ஒரு சாண் தொலைவில் மைக் இருக்கும்போது பொய்யாக ஒலிக்கும். அடுத்தது திரையில் பேசுபவரின் உதடசைவு. ப, ம ஆகிய எழுத்துகளுக்கு உதடுகள் ஒட்டும். க, த போன்றவற்றுக்கு ஒட்டாது. ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குத் தமிழில் குரல் கொடுக்கும்போது, அதில் பேசுபவரின் வாய் மூடி முடிகிற இடத்தில் ‘போயிடு’ என்று எழுதியிருந்தால் ஒட்டாது. ‘போயிடணும்’ என்று மாற்றினால் கச்சிதமாக உட்காரும். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில் வருவதாலும், ஆங்கிலத்தில் மூன்றே சொல்லில் முடிவது இங்கே நீண்டுவிடுவதாலும், வேகத்தைக் கூட்டியும் சொல்லைக் குறைத்தும் அந்த நொடிக்குள் அடக்கத் தெரிந்தவரையே மறுபடியும் அழைக்கிறார்கள். இதைப் பழக உங்களுக்குப் பயிற்சி நிலையம் தேவையில்லை. ஒரு காட்சியின் ஒலியை நிறுத்திவிட்டு, அதே வசனத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, படத்தோடு சேர்த்து ஓடவிட்டுப் பாருங்கள். முதல் மாதம் அழுகை வரும், பிறகு காது திறக்கும். மூச்சு, விக்கல், ஓடிவந்து நிற்கும் இரைப்பு ஆகியவற்றையும் விடாமல் பேசிப் பழகுங்கள். புதியவர்கள் தடுமாறுவது வசனத்தைவிட அங்கேதான்.

பெரும்பாலோர் நுழைந்த வாசல் கூட்டக் குரல்தான்: சந்தை, கல்யாண வீடு, காவல் நிலையம் என்று பின்னால் கேட்கும் சலசலப்பைப் பத்துப் பேர் சேர்ந்து பேசுவது. அங்கே ஓரமாக உட்கார்ந்து மூத்தவர்கள் பேசுவதைக் கவனிப்பது எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம். திரைப்படத்தில் தொடர்ந்து பேச டப்பிங் யூனியன் உறுப்பினர் அட்டை கேட்கப்படும். அதன் கட்டண விவரத்தை இடைத்தரகரிடம் கேட்காமல் சங்க அலுவலகத்திலேயே கேட்டறியுங்கள். இன்னொருவருக்குக் குரல் கொடுப்பது சிறுமை என்று வீட்டில் யாராவது சொன்னால், நாயகனாகப் பெயர் பெறும் முன்னர் விக்ரம் ‘அமராவதி’யில் அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் பேசியதையும், எண்பதுகளில் நடிகர் மோகனின் குரலாகத் தமிழகம் கேட்டது எஸ். என். சுரேந்தரின் குரலை என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து மணி நேரம் தனித்தனி வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்து தந்தால், மொத்தமாக ஒரு தொகை தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் ‘எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும்’ என்று இருக்கிறது. கையெழுத்திடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அப்படியே கையெழுத்திட வேண்டாம். தொடர்பில்லாத வாக்கியங்களை மணிக்கணக்கில் படிக்கச் சொல்வது பெரும்பாலும் உங்களைப் போலவே பேசும் செயற்கை நுண்ணறிவுக் குரலைக் கணினியில் உருவாக்குவதற்காகத்தான். அப்படியானால் நீங்கள் விற்பது ஐந்து மணி நேர உழைப்பை அல்ல. நாளை உங்களுக்கு வரவேண்டிய வேலையை. அந்தக் குரல் நீங்கள் ஒப்பாத விளம்பரத்தையும் பேசும், உங்களைக் கேட்காமல்.

இதை நேர்மையாகச் செய்யவும் வழி இருக்கிறது. 2024இல் வந்த ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை இந்தத் தொழில்நுட்பத்தால் பயன்படுத்திய ஏ. ஆர். ரகுமான், குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று, அவர்களுக்கு ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். அதே ஆண்டில், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றிச் செயற்கையாக உருவாக்கும் கருவிகளுக்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அமெரிக்காவிலோ, வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்போர் இதே பிரச்சினைக்காக 2024 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. புகழ்பெற்றவர் நீதிமன்றம் போகலாம். உங்களுக்கும் எனக்கும் தாளில் எழுதியிருப்பதுதான் காப்பு.

ஆகவே, எந்தப் பணிக்கு, எந்த மொழியில், எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடச் சொல்லுங்கள். குரலை நகலெடுக்கவோ அதைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பழக்கவோ தனி எழுத்து அனுமதியும் தனி ஊதியமும் வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். நகலெடுக்கும் எண்ணமே இல்லை என்று வாயால் சொல்லிவிட்டு அந்த வரியை எழுத மறுப்பவர்கள், தங்கள் எண்ணத்தை உங்களுக்குத் தெரிவித்துவிட்டார்கள் என்றே கொள்ளலாம்.

கேள்வி: வயது 58. பணி ஓய்வு பெற்றுவிட்டேன். நெல்லைப் பேச்சு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. இனிமேல் இந்தத் துறைக்கு வரலாமா, வீட்டிலேயே பதிவு செய்ய இயலுமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வரலாம். இளைஞர் குரலுக்குப் பெரும் போட்டி. இயல்பான முதிர்ந்த குரலுக்கு அவ்வளவு இல்லை. சென்னையிலேயே வளர்ந்தவர்கள் நெல்லை வழக்கைப் பாவனையாகப் பேசுவதைக் கேட்டுச் சலித்திருக்கிறேன், உங்களுடையதை விட்டுவிடாதீர்கள். எழுத்துத் தமிழை இடறாமல் படிக்கவும் வந்தால், ஒலிப்புத்தகங்களை வீட்டிலிருந்தே தொடங்கலாம். விலையுயர்ந்த மைக்கை முதலில் வாங்காதீர்கள். அது பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்தே பிடிக்கும். துணிகள் நிறைந்த சிறிய அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியில் ஒரு பக்கத்தைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எதிரொலி இல்லையென்றால் அடுத்த மாதம் மைக் வாங்கலாம்.