எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா? ‘ட’ போட்டுப் பாருங்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் ஒருவருடைய பொருள் என்று எழுதும்போது அப்பாஸ்ட்ரபியை எஸ்ஸுக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? எனக்கு எப்போதும் மாறிப்போகிறது.

மாறிப்போவது உங்கள் பிழை இல்லை. பிரதர்ஸ், பிரதர்’ஸ், பிரதர்ஸ்’ மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காதுக்கு ஒன்றுதான். முதலாவது சகோதரர்கள், இரண்டாவது ஒரு சகோதரனுடைய, மூன்றாவது சகோதரர்களுடைய. பன்மைக்கும் எஸ், உடைமைக்கும் எஸ். எது எந்த எஸ் என்று சொல்ல அந்தச் சின்னக் கொம்பு, அதாவது அப்பாஸ்ட்ரபி, மட்டுந்தான் இருக்கிறது.

நான் திருகோணமலையில் பெயர்ப்பலகையும் பனரும் அடிக்கும் கடையில் வேலை செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து திறந்த பலசரக்குக் கடைக்கு ‘பிரதர்’ஸ்’ என்று அடித்துவிட்டேன். பலகை மாட்டிய அன்றே சாமான் வாங்க வந்த ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர் ஒருவர் தம்பியாரிடம், “பலகையின்படி கடை ஒருத்தருக்குத்தான் சொந்தம். அது நீரா, அண்ணனா?” என்று கேட்டாராம். கழற்றி, என் செலவில் திருத்திக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழி எங்கள் பேச்சுத் தமிழிலேயே இருந்தது. நாங்கள் ‘அம்மாட சீலை’, ‘தம்பிட சைக்கிள்’ என்போம். (யாழ்ப்பாணத்துப் பக்கம் ‘அவன்ர’ என்று ‘ர’ வரும், வேலை ஒன்றுதான்.) எழுதப்போவதை முதலில் அப்படிச் சொல்லுங்கள். ‘ட’வுக்கு முன்னால் நிற்கும் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் முழுதாக எழுதி, உடனே கொம்பைப் போடுங்கள். தம்பி + ட என்றால் பிரதர், கொம்பு, பிறகு எஸ். தம்பிமார் + ட என்றால் பிரதர்ஸ், கொம்பு, அவ்வளவுதான். பன்மை எஸ் ஏற்கெனவே இருப்பதால் இன்னொன்று வேண்டாம். பிள்ளைகள் + ட என்றால்? சில்ட்ரன் பன்மைதான், ஆனால் எஸ் இல்லை. அதனால் சில்ட்ரன்’ஸ்.

எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலையின் செங்குத்தான பாறைக்கு ஆங்கிலத்தில் லவர்’ஸ் லீப் என்று ஒரு பெயர். கொம்பை முன்னால் போட்டும் எழுதுகிறார்கள், பின்னால் போட்டும் எழுதுகிறார்கள். ஒல்லாந்தர் காலத்தில் பிரான்சினா என்ற பெண், காதலன் தன்னை விட்டுக் கப்பலேறிப் போவதைப் பார்த்து அங்கிருந்து குதித்தாள் என்பது கதை. கதைப்படி குதித்தது ஒருத்திதான், ஆகவே முன்னால் போடுவதே என் கட்சி. பின்னால் போட்டால் கப்பலில் போனவனையும் சேர்த்துத் தள்ளிவிட்டதாகிவிடும்.

அதே மலையில் இராவணன் வெட்டு. தமிழில் ‘உடைய’வும் இல்லை, ‘ட’வும் இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்த ஆறாம் வேற்றுமைத் தொகைதான். ஆங்கிலத்தில் அப்படி விடாமல் ராவணா’ஸ் கட் என்று எழுதுகிறார்கள். புனித சூசையப்பர் கல்லூரியும் அப்படித்தான், செயின்ட் ஜோசப்’ஸ். இந்தக் கொம்பே விழுந்த எழுத்தின் அடையாளம். பழைய ஆங்கிலத்தில் உடைமை விகுதி பல பெயர்களுக்கு ‘இ-எஸ்’ என்று வரும், இ போய்விட்டது. பன்மைக்குப் பின்னால் போடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் நிலைத்தது. ஆங்கிலேயருக்கே அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

‘அதனுடைய’ என்ற பொருளில் வரும் இட்ஸ் பலரையும் விழுத்தும். அதற்குக் கொம்பு கிடையாது. நான், நீ என்பவை ‘என்ட’, ‘உன்ட’ என்று உருவமே மாறுகின்றன அல்லவா? ஆங்கிலப் பிரதிப்பெயர்களும் தங்களுக்கென்று தனி உருவம் வைத்திருக்கின்றன: ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், இட்ஸ். கொம்பு போட்ட இட்’ஸ் என்றால் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்பதன் சுருக்கம். ஜேம்ஸ் போல எஸ்ஸில் முடியும் பெயருக்குக் கொம்பு மட்டும் போடலாம், கொம்போடு எஸ்ஸும் போடலாம். ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

நான் அதிகம் திருத்துவது இது எதையும் அல்ல. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுபவர்கள் ‘ரூம்’ஸ்’ என்று எழுதிய துண்டோடு வருவார்கள்.

“அறையின்ட என்ன?” என்று கேட்பேன்.

“அறையின்ட ஒண்டும் இல்ல தம்பி, அறைகள் இருக்கு.”

சரி என்று கொம்பை எடுத்துவிட்டு அடித்துக் கொடுப்பேன்.