பத்து ஃபேனுக்கும் வேண்டாம்

கேள்வி: டாக்டர் ஐயா, எங்களுடையது பத்து எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள ஈ.சி. ஷெட் (முழுக்க மூடி, ஃபேனால் காற்றோட்டம் கொடுக்கும் கொட்டகை). கறிக்கோழி வளர்க்கிறோம். ஃபேன் பக்கத்து வீட்டுக்காரர்கள் ராத்திரியானால் வாடை தாங்கவில்லை என்கிறார்கள். அமிலத் தண்ணீரில் காற்றைக் கழுவும் கருவியைப் பத்து ஃபேனுக்கும் மாட்டினால் வாடையே இருக்காது என்று ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். வாங்கலாமா?
- வாசகி, சுல்தான்பேட்டை

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. அந்தக் கருவி அம்மோனியாவை நன்றாகவே பிடிக்கும். கந்தக அமிலத்தோடு சேர்ந்து அது அம்மோனியம் சல்பேட் உரமாகிவிடும். ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகும் வாடை அம்மோனியா மட்டுமல்ல. எச்சத்தில் கிளம்பும் வேறு பல வாயுக்கள் அமிலத்துக்கு மசியாது. இறகும் தூசியும் வேறு அடைக்கும். நெதர்லாந்துப் பன்றிக் கொட்டகைகளில் அமிலமும் நுண்ணுயிரும் சேர்ந்த கருவிகளையே சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வாடை குறைந்தது ஏட்டில் சொன்னதில் பாதி அளவுதான்.

வாடையைத் தின்பவை பாக்டீரியாக்கள். மரச்சில்லையோ தேங்காய் மட்டைத் துண்டையோ ஈரமாகப் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால் அவை அதில் வளரும். காற்று ஐந்து விநாடியாவது உள்ளே தங்க வேண்டும். உங்கள் 50 அங்குல ஃபேன் விநாடிக்குச் சுமார் 10 கன மீட்டர் தள்ளும். அப்படியானால் 50 கன மீட்டர் சில்லு, 40 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப மூன்று சென்ட் நிலம். பத்து ஃபேனுக்கு முப்பது சென்ட்! இந்தச் சில்லுப் படுகையை முட்டி ஊதும் பலமும் அந்த ஃபேன்களுக்கு இல்லை.

பகல் வெயிலில் வாடை மேலெழும்பிக் கலைந்துவிடும். ராத்திரியில் காற்று குளிர்ந்து தரையோடு கிடப்பதால்தான் வீடுகளுக்குள் நுழைகிறது. குளிர்ந்த இரவுகளில் ஓடுவது ஒன்றிரண்டு ஃபேன்தானே? அந்தக் காற்றுக்கு மட்டும், அழுத்தம் தாங்கும் சிறிய ஃபேன் வைத்துப் படுகை கட்டுங்கள். கோடையில், கோழி பெருத்த கடைசி வாரத்தில் இது போதாது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் கட்ட உதவிய முதல் படுகை சித்திரையில் காய்ந்து, காற்று இடுக்குகளில் நழுவிப் போய்விட்டது. மாதக்கணக்கில் மட்டை சுமந்த அந்தக் குடும்பத்தின் முகவாட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் தெளிப்பதை ஒருநாளும் விடாதீர்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இன்று மாலையே கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் வரிசைக்குக் கீழே தரையில் பரப்பியுள்ள கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். நிப்பிள் உயரத்தைச் சரிசெய்து, ஈரக் கூளத்தை வாரி எடுத்துவிட்டுப் புது நார்த்தூள் போடுங்கள். ஈரத்தின் மேல் சுண்ணாம்பு தூவாதீர்கள். அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். ஒரு வாரம் கழித்து, ராத்திரி எத்தனை ஃபேன் ஓடுகிறது, வீடுகள் எத்தனை அடி தூரம் என்று எழுதி அனுப்புங்கள். படுகையின் அளவை நான் போட்டுத் தருகிறேன்.