ஷாவ்ஷிங் வர்ற தம்பிக்கு: சமையலுக்கு அரிசி மது வாங்குறது எப்படி

தம்பி, சீனாவில் ஷாவ்ஷிங் ஊரின் கெச்சியாவ் துணிச்சந்தைக்கு வேலைக்கு வரப்போறீங்க. வாடகை, விசா, பேங்க் கணக்கு எல்லாம் எப்படின்னு கேட்டிருக்கீங்க. கூடவே, "இங்கே எல்லாத்திலும் அரிசி மது ஊத்துறாங்களாமே, வீட்டில் சமைக்க எதை வாங்கணும்?"னும் ஒரு கேள்வி. முதல் மூணையும் கம்பெனி பார்த்துக்கும். தனி வீடு எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு பண்ணிடுங்க, அவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு மட்டும் விரிவாகவே சொல்றேன். நாங்க வந்தப்போ இதைச் சொல்லித்தர ஆள் கிடையாது. லேபிளைப் படம் பிடித்து மொழிபெயர்க்கும் போனும் கிடையாது. நிறம் பார்த்து வாங்குறதுதான்.

நீங்க வர்ற ஊரே இந்த மதுவின் ஊர். பசையரிசி, கோதுமையில் வளர்த்த பூஞ்சைக் கட்டி, ஜியான்ஹூ ஏரித் தண்ணீர், இவ்வளவுதான் ஷாவ்ஷிங் மது. குளிர்காலத்தில் புளிக்கவிட்டு ஜாடியில் மூடி வைப்பாங்க. நிறம் பொன் பழுப்பு, ஆல்கஹால் 14 முதல் 18 சதவீதம். கோதுமை ஒத்துக்காதவங்க தொடக்கூடாது.

சூப்பர் மார்க்கெட்டில் சோயா சாஸ் பக்கத்தில் அடுக்கியிருக்கிற மலிவு பாட்டிலை எடுக்காதீங்க. அது லியாவ்ஜியூ, அதாவது தண்ணீர், உப்பு, மசாலா, பல சமயம் அஜினோமோட்டோ வரை கலந்த சமையல் மது. லிட்டருக்கு 10 கிராமுக்குக் குறையாமல் உப்பு இருக்கும். ஒரு கரண்டி ஊத்தினால் தெரியாது. அரை லிட்டர் ஊத்தி வற்றவிட்டால் ஒரு டீஸ்பூன் உப்பு சட்டியில் கூடுதலாக உட்கார்ந்திருக்கும். அதன்மேல் சோயா சாஸும் விழுந்தால் வாயில் வைக்க முடியாது. நம்ம ஆளுங்க பலர் இந்தப் பாட்டிலை வாங்கிச் சமைச்சுட்டு, "சீனச் சாப்பாடே உப்பும் நாத்தமும்தான்"னு ஊருக்குப் போன் போட்டுச் சொல்றாங்க. எனக்கு அதில் ரொம்ப வருத்தம். ஒரு பெட்டி நிறையப் புளியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்து, இங்கத்திய சந்தைக்குள்ளேயே காலெடுத்து வைக்காமல் நாலு வருஷம் ஓட்டுறவங்க சொல்றதைக் கேட்காதீங்க.

மது விற்கிற அலமாரிக்குப் போங்க. லேபிளில் ஜிபி/டி 17946 என்ற எண் இருந்தால் அது ஷாவ்ஷிங் மதுவுக்கே உரிய தரக் குறியீடு. சேர்மானப் பட்டியலில் தண்ணீர், பசையரிசி, கோதுமை, நிறத்துக்குக் கேரமல் வரை இருக்கலாம். உப்பு இருந்தால் திருப்பி வைங்க. நாலு வகை உண்டு. யுவான்ஹோங்கில் சர்க்கரை லிட்டருக்கு 15 கிராமுக்குள். ஜியாஃபான் 15 முதல் 40 வரை. அதையே வருஷக்கணக்கில் ஜாடியில் வைத்தது ஹுவாதியாவ். ஷான்நியாங் 40 முதல் 100. ஷியாங்ஷுவே அதுக்கும் மேலே. சமையலுக்கு ஹுவாதியாவ்தான், 3 வருஷம் அல்லது 5 வருஷம் போதும். கூயுவே லாங்ஷான், குவாய்ஜிஷான், தாபாய் மூணு பிராண்டுமே நம்பி வாங்கலாம். இனிப்பு வகையை வாணலியில் ஊத்தினால் சர்க்கரை கருகும். 20 வருஷ மதுவைக் குழம்பில் கொட்டுறது காசைக் கொட்டுறது. மிஜியூன்னு தெளிந்த வெள்ளை நிறத்தில் ஒண்ணு இருக்கும், அதுவும் அரிசி மதுதான், வாசனை குறைவு. பக்கத்திலேயே மிச்சூன்னு இருக்கிறது வினிகர். பாய்ஜியூ காய்ச்சி வடித்த கடும் சாராயம், இதுக்குப் பதிலாக அதை ஊத்தவே கூடாது.

வதக்கல் கறிக்கு: அரை கிலோ கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி மது, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சோளமாவு, 20 நிமிஷம் ஊறணும். அதிகம் ஊத்தினால் கறி தண்ணீர் விட்டு வதங்காமல் வேகும். பிறகு வாணலி நல்லாக் காய்ந்து, கறி ஓரம் சிவந்ததும், இன்னொரு மேசைக்கரண்டியை வாணலியின் விளிம்பைச் சுற்றி ஊத்துங்க, நடுவில் வேண்டாம். சூடான இரும்பில் பட்டதும் சுர்ருன்னு ஆவி எழும், பச்சைச் சாராய வாசனை அதோடு போயிடும். 15 நொடி கழித்து சோயா சாஸ். கடைசியில் அடுப்பைக் குறைத்துட்டு ஊத்துறதுதான் பலர் வீட்டில் கெடுற இடம். கேஸ் தீ பட்டு மது பற்றும், முகத்தைத் தள்ளி வைங்க.

பன்றிக்கறி சாப்பிடுவீங்கன்னா பக்கத்து ஹாங்சோவின் தோங்போ கறி செய்யுங்க. தோலோடு வயிற்றுக்கறி ஒரு கிலோ, ரெண்டு அங்குலச் சதுரம். கொதிநீரில் 5 நிமிஷம் போட்டு நுரையைக் கழுவுங்க. மண்சட்டி அடியில் வெங்காயத்தாளும் இஞ்சித் துண்டும் பரப்பி, தோல் கீழே இருக்கும்படி அடுக்கி, மது 500 மில்லி, லைட் சோயா 80 மில்லி, கற்கண்டு 60 கிராம். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். திறந்து 5 நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடி, மிகச் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். தோலை மேலே திருப்பி இன்னும் அரை மணி ஆவியில். அவசரப்பட்டுக் குக்கரில் வைத்தால் ஆவி வெளியே போக வழியில்லாமல் சாறு பச்சையாக நாறும். குக்கர்தான் வேணும்னா 10 நிமிஷம் திறந்து கொதித்தபிறகு மூடுங்க.

தைவான் பாணி மூணு கோப்பைக் கோழிக்கு நம்ம நல்லெண்ணெய் உதவும். இங்கத்திய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, பெருந்தீயில் கசக்கும். இஞ்சி, பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, முக்கால் கிலோ எலும்புக் கோழி, மது 100 மில்லி, சோயா 3 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒண்ணு. சாறு ஒட்டும் பதத்தில் வறுத்த எள்ளெண்ணெய் ஒரு கரண்டி, துளசி வகை இலை ஒரு கைப்பிடி. மீன் ஆவியில் வைத்தால், தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிட்டுத்தான் சோயா ஊத்தணும். புளி விட்ட மீன்குழம்பில் இந்த மது சேராது, முயற்சியே வேண்டாம்.

இன்னொண்ணு. சமைத்தால் ஆல்கஹால் முழுசும் போயிடும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி கொதிக்கிற குழம்பில் 15 நிமிஷத்துக்குப் பின் 40 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்தில் 25, ரெண்டரை மணியில் 5. மார்க்கத்தாலோ விரதத்தாலோ தொடாதவங்களும், கர்ப்பிணிகளும் சாப்பிட வந்தால் முன்கூட்டியே சொல்லிடுங்க. அவங்களுக்கு இஞ்சியும் வெங்காயத்தாளும் கூடப் போட்டு மது இல்லாமலே செய்யலாம். குடிகாரக் கோழியில் வெந்த கறியைச் சமைக்காத மதுவில் ஊறவைப்பாங்க, அதில் ஆல்கஹால் அப்படியே இருக்கும்.

திறந்த பாட்டிலை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ரெண்டு மூணு மாசம் சமையலுக்கு ஆகும். அடியில் மண்டி தங்குறது புரதம், கெடுதல் இல்லை. மூக்கில் புளிப்பு ஏறினால் கொட்டிடுங்க. ஜாடியாக வாங்கினால் திறந்த அன்றே சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பி வைங்க, காற்று படுறதால்தான் புளிக்குது.

வியாபார விருந்தில் மதுவில் ஊறிய பச்சை நண்டு வரும். ஆற்று நண்டில் நுரையீரல் புழு இருக்கும், மது அதைக் கொல்லாது. எவ்வளவு பெரிய பார்ட்டி வற்புறுத்தினாலும் தொடாதீங்க. கூடவே வெந்நீரில் பாட்டிலை இறக்கி இளஞ்சூடாக இதே மதுவைக் கோப்பையில் ஊத்துவாங்க. இனிப்பாக இறங்கும், போதை பின்னால் ஏறும். இங்கே ரத்தத்தில் 100 மில்லிக்கு 20 மில்லிகிராம் வந்தாலே வண்டி ஓட்டுறது குற்றம், 80 ஆனால் கிரிமினல் வழக்கே வரலாம். டாக்சி பிடிச்சு வீட்டுக்குப் போங்க.